வற்றாத தாமிரபரணி

கேள்வி: மற்ற ஆறுகள் கோடையில் மணல்வெளியாகக் கிடக்க, தாமிரபரணியில் மட்டும் தண்ணீர் ஓடுகிறதே, எப்படி? அதை அள்ளிக் குடிக்கலாமா?
- வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. சருகு மூடிய காட்டு மண் அந்த மழையை உள்வாங்கி, மெல்ல மெல்ல ஊற்றாகக் கசியவிடுகிறது. மரங்களும் தம் பங்குக்குத் தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும். ஆனாலும் பெய்த மழை ஒரே நாளில் ஓடிவிடாமல் தவணையில் கிடைப்பது காட்டினால்தான். மீதியைப் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் பார்த்துக்கொள்கின்றன.

வேர்கள் மண்ணைப் பிடித்துவைப்பதால் மலையில் நீர் தெளிவாக இருக்கிறது. சமவெளிக்கு இறங்கியதும் கதை மாறுகிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகள், வழிநெடுக ஊர்ச் சாக்கடைகள், வயல்களின் உரம் எல்லாம் சேர்கின்றன. கோடையில் வரத்து குறையும். வந்து சேரும் சாக்கடை குறையாது. அதனால் அப்போதுதான் தரம் அதிகம் கெடும். அளவும் தரமும் ஒரே கணக்கு.

பார்வைக்குத் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சியே குடியுங்கள். அடுத்த முறை பாபநாசம் போனால், துணியை ஆற்றில் விடாமல் திரும்புங்கள்.