பாரிஸ் பயணமும் ஸுபுஹுத் தொழுகையும்



நமது புதுச்சேரி முல்லா வீதியில், மகனோ மருமகனோ பாரிஸில் இருக்கும் வீடுகள் உண்டு. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் தொடர்பு இன்றளவும் நீடிக்கிறது. அக்காலத்தில் கப்பலேறி, சூயஸ் கால்வாய் வழியாக மார்ஸேல் துறைமுகம் சேர வாரக்கணக்கில் ஆகும். இன்றோ சென்னைக்கும் பாரிஸுக்கும் இடையேயுள்ள சுமார் 8,000 கிலோமீட்டரை, நேரே செல்லும் விமானம் ஏறத்தாழ 10 மணி நேரத்தில் கடந்து விடுகிறது.

"நாற்காலியில் சாய்ந்தபடி பத்து மணி நேரத்தில் போகிறவருக்குக் கஸ்ரு எதற்கு?" என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார். நியாயமான கேள்விதான். ஆனால் ஷரீஅத் இச்சலுகையைச் சிரமத்தோடு பிணைக்கவில்லை. பயணத் தூரத்தோடு பிணைத்திருக்கிறது. பல நாள் நடையின் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்தாலும் அவர் முஸாஃபிரே. அச்சம் நீங்கிய பின்னும் சுருக்கித் தொழுவது ஏன் என்று ஹளரத் உமர் (ரலி) கேட்டபோது, இது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

ஆகவே ஊர் எல்லையைக் கடந்தது முதல் ளுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டிரண்டு ரக்அத்துகளாகத் தொழலாம். மக்ரிபிலும் ஸுபுஹிலும் குறைப்பு இல்லை. வீட்டிலிருந்து புறப்படுமுன் கஸ்ரு கூடாது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வக்து. ஜனவரி மாதம் இரவு 1 மணிக்குச் சென்னையில் விமானம் ஏறிய வாலிபர் ஒருவர், கைக்கடிகாரத்தில் 5.30 ஆனதும் ஸுபுஹுத் தொழுததாகச் சொன்னார். அத்தொழுகை நிறைவேறவில்லை என்று வருத்தத்துடன் சொல்ல நேர்ந்தது. ஏன்? அவர் கடிகாரம் காட்டியது நம்மூர் நேரம். விமானமோ மேற்கே ஈரானை நெருங்கியிருக்கும். அந்நாட்டுக் கடிகாரத்தில் அப்போது மணி 3.30, கிழக்கு வெளுக்க இன்னும் நெடுநேரம் இருந்தது. வக்து வருமுன் தொழுதது ஃபர்ளாகாது. களாச் செய்தாக வேண்டும்.

அவர் பாரிஸில் இறங்கியபோது நம்மூரில் பகல் 11 மணி. குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்தங்கும் பாரிஸில் காலை 6.30. அங்கே ஜனவரியில் சூரியன் உதிப்பது எட்டரை மணிக்குப் பிறகுதான். நிதானமாக ஒளூச் செய்து, நிலத்தில் நின்று, கிப்லாவை நோக்கித் தொழ அவருக்குத் தாராளமாக நேரம் இருந்தது!

நோன்பும் அவ்வாறே. மேற்கே பறப்பவருக்குப் பகல் நீளும். புதுச்சேரியில் பாங்கு சொல்லியிருப்பார்கள் என்று எண்ணி நோன்பு திறக்கலாகாது. தாம் இருக்குமிடத்தில் சூரியன் மறைய வேண்டும். ஃபஜ்ருக்கு முன்பே ஊரைக் கடந்தவர், நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அனுமதி உண்டு.

எனவே பயணச் சீட்டு வாங்கும்போதே, எந்த வக்து எங்கே வரும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் உங்கள் மஹல்லா இமாமிடம் கேளுங்கள். பயணத்திலும் தொழுகையைப் பேணும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.