மருதாணி: வெயிலை நம்பும் பயிர்



தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் நம்ம பிள்ளைகள் கையில் பூசும் மருதாணியை நாம் எல்லோரும் அறிவோம். அதுவே ஓர் ஊருக்குச் சோறு போடும் பயிர் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில், பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் தான் அந்த ஊர். 2021இல் ‘சோஜத் மெஹந்தி’க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே ஏன் விளைகிறது?

வருடத்துக்குச் சுமார் 400 மில்லிமீற்றர் மழைதான் அங்கு பெய்யும். மருதாணியின் வேர் ஆழமாக இறங்குவதால், மற்றப் பயிர் கருகும் நிலத்திலும் அது தாக்குப்பிடிக்கும். வெயிலும் சூடும் கூடினால் இலையில் சாயமும் கூடும்.

எப்படிப் பயிரிடுகிறார்கள்?

1. விதையின் தோல் கடினமானது. பல நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, நாற்றுமேடையில் விதைப்பார்கள்.

2. ஆடி மழையில் கன்றுகளை எடுத்து நடுவார்கள். ஒருமுறை நட்டால் 20 வருடத்துக்கு மேல் பலன் தரும்.

3. புரட்டாசி, ஐப்பசியில் பெரிய அறுவடை. நாம் கொழுந்து பறிக்கிற மாதிரி வாரா வாரம் இல்லை. கையில் தடித்த உறை போட்டு, அரிவாளால் செடியை அடியோடு ஒட்ட அறுப்பார்கள். அது மறுபடி துளிர்க்கும்.

4. அறுத்ததைக் காயவைத்து, அடித்து, இலையை உதிர்ப்பார்கள். அந்த நேரம் மழை பெய்தால் இலை கறுத்து விலை போகாது. வருட உழைப்பு ஒரு மழையில் போய்விடும்.

நமக்கு என்ன பாடம்?

குளிரும் பனிமூட்டமும் ஈரமும் உள்ள நம்ம மலைப்பக்கம் இதை வருமானப் பயிராக நம்ப முடியாது. கன்று விற்க வந்தவர் பெரிய இலாபம் சொன்னால், கடன் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வெயில் படும் தாழ்வான தோட்டங்களில், லயத்துக்குப் பக்கத்தில் வீட்டுத் தேவைக்கு ஒன்றிரண்டு செடி வைக்கலாம். தண்டை வெட்டி நட்டாலும் பிடிக்கும்.

கட்டாயம் கவனியுங்கள்

உண்மையான மருதாணி செம்மஞ்சளாகப் பிடித்து, ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற இரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலைக் கொப்பளிக்க வைக்கும், தழும்பும் விழலாம். பிள்ளைகளுக்கு அதைப் பூசவே வேண்டாம். பூசிய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே கழுவி, தோட்ட டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்கள்.

பச்சை இலையைப் பறித்து அம்மியில் அரைப்போம். செலவும் இல்லை, பயமும் இல்லை.