நுரை அதிகமானால் சலவை சுத்தமாகாது

எடப்புளி நாடு உள்ளிட்ட கொல்லிமலைப் பகுதிகளுக்குச் சலவைச் சரக்கு அனுப்பும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது தங்கும் விடுதிகளில் போர்வை, விரிப்புகள் குவிகின்றன. அந்த நேரம் வாஷிங் மெஷின் நின்றுவிட்டால், மெக்கானிக்கும் உதிரி பாகமும் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். நாம் விற்கும் சரக்கே அதற்குக் காரணமாகக் கூடாது.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். சமவெளியின் போர்வெல் நீர் பெரும்பாலும் உப்புத்தன்மை கொண்ட கடின நீர். மழை நீரும் ஓடை நீரும் பொதுவாக மென்னீர். கடின நீருக்குப் போடும் அதே அளவு தூளை மென்னீரில் போட்டால் நுரை பொங்கும். சோதனை எளிது. பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சிறிது சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிலைத்து நின்றால் மென்னீர். திரிதிரியாகக் கலங்கினால் கடின நீர்.

முன்பக்கக் கதவுள்ள மெஷினில் துணி மேலிருந்து விழுந்து அடிபடுவதால்தான் அழுக்கு போகிறது. நுரை நிறைந்தால் அது மெத்தைபோல் துணியைத் தாங்கிவிடும், அழுக்கு போகாது. பம்பும் நுரையை இறைக்கத் திணறும். வழிந்த நுரை மின் பாகங்களில் புகுந்துவிடவும் கூடும். எனவே கைச்சலவைத் தூளைத் தராமல், மெஷினுக்கென்று வரும் நுரை குறைந்த தூளையே தர வேண்டும். துணியின் எடைக்கேற்ப அளந்து போடச் சொல்ல வேண்டும். நுரை பொங்கிவிட்டால் மெஷினை நிறுத்தி, நுரை அடங்கியபின் நீரை வடித்து, தூள் போடாமல் குளிர்ந்த நீரில் அலச வேண்டும்.

அடுத்தது பிளீச்சிங். பவுடரை நேராக டிரம்மில் கொட்டினால் கரையாத துகள் துணியை ஓட்டையாக்கும். நீரில் கரைத்துத் தெளிய வைத்து, மேல்நீரை மட்டும் அளவாகச் சேர்க்க வேண்டும். அளவு மிஞ்சினால் எவர்சில்வர் டிரம்மும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கதவின் ரப்பர் வளையம் வெடிக்கும். இறுதியில் இரண்டு முறை அலசி, கதவைத் திறந்து உலர விடுவது நல்லது.

உயிருக்கே ஆபத்தானது ஒன்று உண்டு. பிளீச்சிங் சரக்கும் கழிவறை ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே போர்க்களத்தில் ஏவப்பட்டது இதே வாயுதான். இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தராதீர்கள். குடிநீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றி விற்கும் வழக்கத்தையும் அடியோடு கைவிடுவோம்.

ஆகவே, வாடிக்கையாளர் விலையைக் கேட்குமுன் நாம் இரண்டு கேள்வி கேட்போம்: என்ன மெஷின்? எந்தத் தண்ணீர்? ஒரு கிலோ தூள் குறைவாக விற்கலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் நம் கடைக்கே மீண்டும் வருவார்.