ஒயில் போத்தலில் ஒரு கோடு

கற்பிட்டிக் கரையில் அவுட்போட் மெக்கானிக்காகத் தொழில் பழகும் எவரும் முதல் வருடத்துக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு முகம் கொடுப்பார்கள். சம்மாட்டி ஒருவர் வாடிக்கு முன்னால் கிடக்கும் பழைய டாங்கியைக் காட்டிக் கேட்பார்: “தம்பி, இது தானாவே ஒயில் கலக்குமாம். நம்பிக் கொண்டுபோகலாமா?”

ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். “ஒருநாள் விட்டுட்டுப் போங்க, கலக்குதா என்று பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒருநாளில் என்ன பார்க்கவேண்டும் என்பது தெரிந்தால், இந்தக் கரையில் உங்களுக்கு வேலை குறையாது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கி நிற்கும் சம்ப் கிடையாது. எரிபொருளோடு உள்ளே போகும் ஒயில்தான் பெயரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, எரிந்து புகையாக வெளியே போகிறது. ஒரு துளி ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். ஒயில் வரத்து நின்றால் எஞ்சின் உடனே முறைப்பாடு சொல்லாது. நன்றாகவே ஓடும், புகை குறைந்து, முன்னைவிடச் சுத்தமாக ஓடுவதுபோலக்கூடத் தெரியும். பிறகு பத்தலங்குண்டுத் தீவுக்குப் போகும் வழியில் எங்காவது பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

கணக்கு எளிது. 50:1 என்றால் லீற்றருக்கு 20 மில்லி ஒயில். 20 லீற்றர் கானுக்கு 400 மில்லி. 25:1 என்றால் அதில் இருமடங்கு, 100:1 என்றால் பாதி. எந்த எஞ்சினுக்கு எது என்பதைக் கையேடு சொல்லும், பக்கத்து வாடிக்காரர் சொல்லக்கூடாது.

இந்த அளவைக் கையால் ஊற்றிக் கலக்கும் தொல்லையைத் தீர்க்கத்தான் தானியங்கிக் கலவை வந்தது. அதில் மூன்று வகை உங்கள் கையில் வரும். ஒன்று, டாங்கியிலேயே ஒயிலுக்குத் தனி அறை வைத்தது, அமெரிக்காவின் ஓ.எம்.சி. நிறுவனம் ஜோன்சன், எவின்ரூட் சிறு எஞ்சின்களுக்கு 1980களில் விற்ற அக்யூமிக்ஸ் டாங்கி இந்த வகை. மெர்க்குரியின் ஓட்டோபிளெண்ட், டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே பொருத்தும் அதன் உறவுக்காரன். இரண்டாவது, எஞ்சினின் கிராங் அறை அழுத்தத் துடிப்பில் வேலைசெய்து எரிபொருளையும் ஒயிலையும் சேர்த்தே இழுக்கும் பம்ப், ஓ.எம்.சி. 1984இல் கொண்டுவந்த வி.ஆர்.ஓ. இதுதான். மூன்றாவது, கிராங்கோடு பல்சக்கரத்தில் இணைந்து, திரொட்டிலைத் திறக்கத் திறக்க ஒயிலைக் கூட்டிக்கொடுக்கும் பம்ப். யமஹாவின் ஒயில் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் பார்க்கலாம்.

வி.ஆர்.ஓ.வுக்குக் கிடைத்த கெட்ட பெயர் உலகப் பிரசித்தம். அதைக் கழற்றி வீசிவிட்டுக் கையால் கலக்கச் சொன்ன மெக்கானிக்குகள் ஏராளம். ஆனால் அந்தக் கதையை முழுதாகக் கேட்கவேண்டும். பல எஞ்சின்களில் தப்பு பம்பில் இருக்கவில்லை. பம்புக்கு வரும் வழியில் இருந்தது. எங்கோ ஒரு கிளிப் தளர்ந்து காற்று உறிஞ்சும், எங்கோ ஹோஸ் ஒடுங்கியிருக்கும், அதனால் எரிபொருளும் ஒயிலும் ஒன்றாகக் குறையும். பழி மட்டும் பம்பின் தலையில். உதிரிப்பாகம் இன்னொரு கவலை: ஓ.எம்.சி. 2000ஆம் ஆண்டு டிசெம்பரில் வங்குரோத்தானது. பழைய டாங்கி ஒன்றைச் சம்மாட்டி மலிவாக வாங்கிவந்தால், அதனுள் இருக்கும் டயாபிரம் சவ்வுக்கு இனி எங்கே போவது என்ற கேள்வியையும் சேர்த்தே வாங்கிவந்திருக்கிறார்.

குளிர்நாட்டுக்காரர்கள் இந்த டாங்கிகளைப் பற்றிச் சொல்லும் முதல் குறை, குளிரில் ஒயில் தடித்து ஓடாது என்பது. புத்தளத்தில் அந்தக் கவலையே வேண்டாம். நம் எதிரிகள் வேறு. கரையில் நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் ரப்பர் வெடிக்கும். ஒயில் ஊற்றும்போது காற்றோடு வரும் மணல், வலைபோல் இருக்கும் சின்ன ஃபில்டரில் போய் உட்காரும். ஒயில் குறைந்தால் கத்தவேண்டிய எச்சரிக்கை ஹோனின் வயரை உப்புக்காற்று பச்சையாக்கித் தின்றுவிடும்; பழைய டாங்கியில் ஹோன் இன்னும் சத்தம் போடுகிறது என்றால் எனக்கு ஆச்சரியம்தான்.

இவற்றைவிடப் பெரிய எதிரி நாட்காட்டி. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும்போது வெளிக்கடல் குழம்பியிருக்கும். பல படகுகள் கரையேறிவிடும். களப்பில் தொழில் நடந்தாலும் பெரிய எஞ்சின்கள் சாக்குப்போட்டு மூடிக்கிடக்கும். அந்த மாதங்களில் ஒயில் குழாயில் காற்றுப் புகும், டயாபிரம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒக்டோபரில் கடல் அடங்கியதும் எல்லோரும் ஒரே வாரத்தில் இறங்குவார்கள். எஞ்சின் பிடித்துக்கொள்ள அதுவே வாய்ப்பான வாரம். ஆகவே உங்கள் சேவிஸ் வேலையைச் செப்டெம்பரில் பிடியுங்கள். சம்மாட்டிகளின் கையில் காசு இல்லாத மாதம் அது. பாதியை முன்பணமாகவும் மீதியை முதல் மீன்பாட்டிலும் வாங்குவதாகப் பேசிக்கொண்டால் இருவருக்கும் சரி.

இனிச் சோதனை. டாங்கியில் வெறும் பெற்றோல் ஊற்றிச் சோதிக்காதீர்கள். டாங்கி கலக்கவில்லை என்பதை எஞ்சினைக் கொன்றுதான் அறிந்துகொள்வீர்கள். ஏற்கெனவே 50:1 கலந்த பெற்றோலையே டாங்கிக்குள் சரியாக 5 லீற்றர் அளந்து ஊற்றுங்கள். ஒயில் அறையை நிரப்பி, மட்டத்தில் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் கோடு போடுங்கள். உள்ளே தெரியாத அறையானால் ஒரு குச்சியை விட்டு அளந்து குச்சியில் கோடு போடுங்கள். ஹோஸின் நடுவே ஒரு சாண் கண்ணாடிக்குழாயை, அதாவது உள்ளே பார்க்கக்கூடிய பிளாஸ்டிக் குழாயை, தற்காலிகமாகச் சேருங்கள். குமிழி ஓடினால் காற்று உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அதைத் தீர்க்காமல் மேலே போகவேண்டாம்.

பிறகு களப்பில் கரையோரமாக ஓட்டுங்கள். டாங்கி வேலைசெய்தால் எஞ்சினுக்கு இருமடங்கு ஒயில் போகும். புகை கக்கும், பிளக் கறுக்கும். ஒருநாளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. 5 லீற்றரும் எரிந்தபின் கோட்டைப் பாருங்கள். 50:1 டாங்கி என்றால் அளவுக்கிண்ணத்தால் ஏறக்குறைய 100 மில்லி ஊற்றினால்தான் மட்டம் பழைய கோட்டைத் தொடவேண்டும். 75 மில்லியிலேயே தொட்டுவிட்டால், டாங்கி கலந்து கொடுத்தது 67:1 அளவு. 40 மில்லி என்றால் 125:1. அந்த டாங்கியைக் கடலுக்கு அனுப்பக்கூடாது. ஒருமுறை சரியாக வந்தால் போதாது. ஃபில்டரில் கிடக்கும் அழுக்கு அசைந்து வந்து அடைக்க நேரம் எடுக்கும், ஆகவே மூன்று தடவை ஓட்டிப்பார்ப்பேன். மூன்றும் ஒத்துவந்தால் வெறும் பெற்றோலுக்கு மாற்றலாம்.

திரொட்டிலோடு கூட்டிக்குறைக்கும் பம்புகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மெதுவாக ஓடும்போது அவை வேண்டுமென்றே குறைவாகத்தான் கொடுக்கும். முழு வேகத்தில் ஓட்டி அளந்தால்தான் கையேட்டு அளவோடு ஒப்பிடமுடியும்.

கோடு போடுவது சோதனை நாளுக்கு மட்டும் உரியதல்ல. படகோட்டுபவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கவேண்டியதும் அதுதான்: ஒவ்வொரு தடவை பெற்றோல் நிரப்பும்போதும் ஒயில் மட்டம் இறங்கியிருக்கவேண்டும். இறங்காத நாளில் அவர் சந்தோஷப்படக்கூடாது, உங்களுக்குப் போன் எடுக்கவேண்டும். “ஒயில் மிச்சமாயிருக்கு நானா, நல்ல எஞ்சின்” என்று ஒரு பையன் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த எஞ்சினின் பிஸ்டனை நான்தான் மரக்கட்டை வைத்துத் தட்டிக் கழற்றினேன்.

தானியங்கிக் கலவையை யாருக்குப் பரிந்துரைப்பது? டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றும் பெற்றோல் படகு, ஒரே ஓட்டுநர், மாலையில் நிழலில் நிற்கும் எஞ்சின் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். சரியாகப் பராமரித்தால் புகையும் குறைவு. மண்ணெண்ணெயில் ஓடும் மீன்பிடிப் படகுக்கு நான் வேண்டாம் என்பேன். அந்த எஞ்சின் பெற்றோலில் தொடங்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வரவேண்டியது. பெற்றோலுக்கென்று ஒரே அளவில் பூட்டிய கலவை டாங்கிக்கு இந்த மாற்றம் புரியாது. அதோடு பல கைகள் மாறும் படகு. விடியற்காலை இரண்டு மணிக்கு இருட்டில் யார் கோடு பார்ப்பது? உலகம் முழுவதும் தொழில்படகுகளில் பேர்போன யமஹா எண்டியூரோ வரிசையில் பல எஞ்சின்கள் இன்றும் கையால் கலக்கும் எஞ்சின்களாகவே வருவதில் காரணம் இல்லாமல் இல்லை.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலில் ஏறியது. எரிபொருளில் மிச்சம்பிடிக்க வழியில்லாதபோது கை ஒயில் பக்கம்தான் போகும்: 400 மில்லிக்குப் பதிலாக 300, அதுவும் எந்த ஒயில் என்று கேட்காமல். இதை நேராகப் பேசுங்கள். அவுட்போட்டுக்கு டி.சி.-டபிள்யூ.3 என்று போட்ட ஒயில் வேண்டும். தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கென்றே செய்யப்பட்ட, சாம்பல் விடாத ஒயில் அது. மோட்டார் சைக்கிளின் 2டீ ஒயிலும் லொறி ஒயிலும் அந்த இடத்துக்கு வராது. கலவை டாங்கியில் தடித்த ஒயிலை ஊற்றினால் அளவும் மாறிப்போகும்.

தானியங்கிக் கலவையைச் சம்மாட்டி கழற்றச் சொன்னால் முழுதாகக் கழற்றுங்கள். டாங்கி வகையில் வேலை சுலபம், சாதாரண டாங்கிக்கு மாறினால் முடிந்தது. பம்ப் வகையில் ஒயில் ஹோஸை மட்டும் பிடுங்கிவிட்டு வாயைத் திறந்துவைத்தால், அந்த வழியாகக் காற்றை உறிஞ்சி எஞ்சின் வேறு நோயில் விழும். வாயை இறுக அடையுங்கள். பின்பு எஞ்சின் மூடியில் “கையால் கலக்கவும், 50:1” என்று தமிழிலும் சிங்களத்திலும் பெயின்டால் எழுதுங்கள். நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் பருவத்துக்கு வாடி போடுகிறவர்களிடம் எஞ்சின் கைமாறும் கரை இது. தானாகக் கலக்கும் என்ற நினைப்பில் புதியவர் வெறும் பெற்றோல் ஊற்றினால், குற்றம் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

குற்றம் என்றதும், எஞ்சின் பிடித்துக்கொண்டு வந்தால் வாயைத் திறக்குமுன் ஹெட்டைத் திறவுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் போவது ஒரே டாங்கியின் ஒரே கலவை. ஒயில் பட்டினி என்றால் இரண்டு பிஸ்டனிலும் சுற்றிவரக் கீறல் இருக்கும், பெயரிங் வறண்டு நீலம் பாய்ந்திருக்கும். ஒன்று கருகி மற்றது பளபளவென்று இருந்தால் டாங்கியைத் திட்டாதீர்கள். அந்தச் சிலிண்டரின் கார்புரேட்டர் ஜெட்டையும் தண்ணீர் வழியையும் பாருங்கள். பிஸ்டனைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு கொப்பி வேண்டும். எஞ்சின் இலக்கம், திகதி, ஊற்றிய பெற்றோல், இறங்கிய ஒயில் என்று நாலு நிரல் போதும். மட்டக்குளி காக்கைதீவில் தலைமையகம் உள்ள இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்தில் கடல் எஞ்சின் படிப்புகள் உண்டு; நேரமும் வசதியும் இருந்தால் போய்ப் படியுங்கள். வாடியில் பழகியே வளர்ந்தவர்களுக்கு வேறொரு வாசலும் இருக்கிறது: செய்துபழகிய திறமையை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் முறை. புத்தளம் மாவட்டத் தொழிற்பயிற்சி அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பம் கேளுங்கள். மதிப்பீட்டுக்கு வருபவர் நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார். எண்ணெய்க் கறையோடு இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள்.