வெள்ளித்திரையும் துப்பாக்கி சேகரிப்பும்

மனிதன் பொருள்களைத் தேடிச் சேகரிப்பதற்குக் காரணங்கள் பல. அஞ்சல்தலை சேகரிப்பவரை அருமையும், நாணயம் சேகரிப்பவரைப் பழமையும் ஈர்க்கின்றன. துப்பாக்கி சேகரிப்போரிடத்தில் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்கின்றது. அது கதை. அமெரிக்காவில் அக்கதையைப் பெரிதும் வழங்கியது திரைப்படமே எனலாம். இதனை விளங்கிக்கொள்ள ஒரு படத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

1950இல் ஆந்தனி மான் இயக்கத்தில், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிக்க, யுனிவர்சல் நிறுவனம் ‘வின்செஸ்டர் 73’ என்னும் படத்தை வெளியிட்டது. தலைப்பே ஒரு துப்பாக்கியின் பெயர். 1873ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வகை ரைபிள் 7 இலட்சத்திற்கும் மேலாகச் செய்யப்பட்டதாகலின், அதனை அரிய பொருள் என்றல் பொருந்தாது. ஆயின், சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தனியே பிரித்தெடுத்து, சிறப்பு வேலைப்பாடு செய்து, ‘ஆயிரத்துள் ஒன்று’ எனப் பெயர் பொறித்து, 100 டாலர் விலையில் வின்செஸ்டர் நிறுவனம் விற்றது. அவ்வகையில் வெளிவந்தவை ஏறத்தாழ 130 மட்டுமே. அவற்றுள் எஞ்சியவை எங்கெங்கு உள்ளன என்பதைப் படம் வரும்வரை ஒருவரும் முனைந்து தேடவில்லை.

யுனிவர்சல் நிறுவனத்தார் தம் படத்தை விளம்பரப்படுத்த ஒரு போட்டியை நடத்தினர். ‘ஆயிரத்துள் ஒன்று’ வைத்திருப்போர் தெரிவிக்குமாறு இதழ்களில் அறிவிப்புகள் வந்தன. அதுவரை அறியப்படாதிருந்த துப்பாக்கிகள் பல வெளிப்பட்டன. பழந்துப்பாக்கிகளைத் தேடும் ஆர்வமும் பரவலாயிற்று. விளம்பரத்திற்கென எழுந்த தேடல், சேகரிப்புத் துறைக்கு ஓர் ஆவணப் பணியாகவே முடிந்தது.

இங்கு ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. படத்தில் அத்துப்பாக்கி, 1876 ஜூலை 4 அன்று டாட்ஜ் நகரில் நடக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டியின் பரிசு. அது களவாடப்பட்டுக் கைமாறிக்கொண்டே செல்கின்றது. வணிகன், செவ்விந்தியத் தலைவன், கோழை ஒருவன், இறுதியில் கதைத்தலைவனின் உடன்பிறந்தோன் என அதனைக் கைக்கொண்டோர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். இக்கதையைக் கண்டு வந்தவர் உள்ளத்தில் எழுந்ததோ அத்துப்பாக்கியின்மீது வேட்கை! அண்மைக் காட்சியில் பளபளக்கும் கருவி கண்ணில் நிற்கின்றது. அதனால் வீழ்ந்தவன் அடுத்த காட்சியிலேயே மறக்கப்படுகின்றான். கதை சொல்வதைக் காட்சி மறுத்துவிடுகின்றது என்றே நாம் கருதுகின்றோம்.

1971இல் வெளிவந்த ‘டர்ட்டி ஹாரி’யும் இவ்வகையினதே. கிளின்ட் ஈஸ்ட்வுட் ஏந்திய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 29 ரிவால்வர், எடையும் அதிர்வும் மிக்கது. வேட்டையாடுவோர் சிலரே விரும்பியது. படத்திற்குப் பின் அது கடைகளில் கிடைப்பதே அரிதாயிற்று. குறித்த விலைக்கு மேல் கொடுத்தும் வாங்கினர்.

வர்ஜீனியா மாநிலம் ஃபேர்ஃபாக்ஸில் உள்ள தேசியத் துப்பாக்கி அருங்காட்சியகம், ஹாலிவுட் படங்களில் இடம்பெற்ற துப்பாக்கிகளுக்கென்றே தனிக்கூடம் அமைத்துள்ளது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களை நினைவூட்டிய புறநானூற்றுப் பாடல் தமிழ் பயில்வோர் அறிந்ததே. ஹாலிவுட் கூடத்தில் மதிப்புப் பெறுவன, போர் கண்டவையும் அல்ல, நடிப்புக் கண்டவை.

ஜேம்ஸ் பாண்டின் துப்பாக்கி இதற்குத் தக்க சான்று. இயான் ஃபிளெமிங் தம் கதைத்தலைவனுக்கு முதலில் அளித்தது சிறிய பெரெட்டா. அது அவனுக்கு ஏற்றதன்று என்று துப்பாக்கி வல்லுநரான ஜெஃப்ரி பூத்ராய்ட் 1956இல் மடல் எழுதினார். அதன் பயனாக 1958இல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் வால்தர் பிபிகே இடம்பெற்றது. 1962இல் அந்நாவல் படமானபோது ஷான் கானரி ஏந்திய வால்தர், 2020 டிசம்பரில் 2,56,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

அதனினும் வியப்பானது மற்றொன்று. ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ விளம்பரத்திற்குப் படமெடுத்த நாளில் பிபிகே கைவசம் இல்லை. புகைப்படக்காரர் தாம் பயிற்சிக்கு வைத்திருந்த வால்தர் காற்றுத்துப்பாக்கியைக் கொடுத்தார். பாண்டின் அடையாளமாகவே நிலைத்துவிட்ட அப்படங்களில் காணப்படுவது அதுதான். வெடிமருந்தே இல்லாமல் சிறு ஈயக்குண்டைச் செலுத்தும் அக்கருவி, 2010இல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 2,77,250 பவுண்டுக்கு விலைபோயிற்று.