துரப்பண மேடையின் துணைக் கப்பல்

திரெங்கானு மாநிலத்தின் கெமாமான் துறையில் ஒருவகைக் கப்பலைக் காணலாம். செலுத்தும் அறையும் மாலுமிகளின் தங்குமிடமும் முன்புறத்தில் உயர்ந்து நிற்கும். பின்புறமோ தாழ்ந்த, திறந்த தளம். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை நினைத்துக்கொண்டால் அதன் வடிவம் விளங்கிவிடும்.

நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு வேண்டிய பொருள்களை இக்கப்பல் கொண்டு செல்கிறது. இரும்புக் குழாய்களும் உணவுப் பெட்டிகளும் தளத்தின்மேல் இருக்கும். குடிநீர், டீசல், சிமெண்டுத் தூள் ஆகியவை கீழேயுள்ள தொட்டிகளில் இருக்கும். சிமெண்டை மூட்டையாகத் தூக்குவதில்லை. காற்றழுத்தத்தால் குழாய் வழியே மேடைக்கு ஊதிவிடுகின்றனர்!

எனினும் இக்கப்பலின் அரிய வேலை நங்கூரம் இடுவதே. மிதக்கும் மேடை அலையில் நகராதிருக்க, அதனைச் சுற்றிலும் பல நங்கூரங்கள் வேண்டும். கப்பல் ஒவ்வொன்றையும் தொலைவுக்கு இழுத்துச் சென்று கடலடியில் இறக்கும். அதற்காகவே பின்விளிம்பில் தடுப்புச் சுவருக்குப் பதிலாகப் பெரிய உருளை ஒன்று இருக்கிறது. சங்கிலி அதன்மேல் உருண்டு இறங்கும். சங்கிலி பக்கவாட்டில் நகராதபடி தளத்திலிருந்து எழும் எஃகு முளைகள் தடுக்கும். இம்முளைகளை நாம் சிறியவை என எண்ணலாகாது. நடுவில் தொங்கும் சுமை கப்பலின் பின்பகுதியை அமிழ்த்தும். பக்கத்திற்கு நகர்ந்த சுமையோ கப்பலையே கவிழ்த்துவிடும்.

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், ஸ்காட்லாந்துக்கு வடக்கிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் மேற்குக் கடலில் அதுவே நிகழ்ந்தது. 'பூர்போன் டால்ஃபின்' என்னும் நார்வே நாட்டுக் கப்பல் முந்திய ஆண்டில்தான் கட்டப்பட்டது. கடலின் ஆழமோ ஏறத்தாழ 1,100 மீட்டர். நங்கூரச் சங்கிலியை இறக்கிக்கொண்டிருந்த கப்பல், காற்றாலும் நீரோட்டத்தாலும் தன் வழியினின்று விலகியது. முளை ஒன்று தாழ்த்தப்பட்டதும் சங்கிலி இடப்பக்கம் பாய்ந்தது. கப்பல் சாய்ந்து கவிழ்ந்தது. 15 பேரில் எழுவரே பிழைத்தனர். மாண்ட எண்மருள் ஒருவன் தொழிலை நேரில் அறிய வந்திருந்த 14 வயதுப் பள்ளி மாணவன். நம் ஆறாம் ஆண்டு மாணவரைவிட இரண்டு வயதே மூத்தவன்.

நார்வே அரசு அமைத்த விசாரணைக் குழு 2008இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஒருவர்மீதோ ஒரு கருவியின்மீதோ மட்டும் அது பழி சுமத்தவில்லை. கப்பலின் நிலைப்பாற்றல் போதாமை, நங்கூரம் இடும் திட்டத்தின் குறை எனப் பலவற்றை எடுத்துக்காட்டியது. அவற்றுள் ஒன்று நம்மைத் திகைக்கச் செய்கிறது: அக்கப்பலுக்குப் புதிதாக வந்த தலைவர், முந்தியவரிடமிருந்து பொறுப்பை ஏற்கப் பெற்ற நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி மட்டுமே.