கொழுகொம்பும் உறைக்கம்பியும்

நவராத்திரி நாள்களில் மைசூரு குப்பண்ணா பூங்காவில் மலர்க்கண்காட்சி நடைபெறும். முன்னாளில் நிஷாத் பாக் என வழங்கிய அப்பூங்காவிற்கு வருவோரின் கண்கள் பூக்களின் மேலேயே இருக்கும். சற்றுக் குனிந்து பார்ப்பவர்க்கே வேறொன்று புலப்படும். உள்ளங்கை அளவு மலர்ந்த டாலியாவின் பின்னால் மெல்லிய குச்சி ஒன்று நிற்கும். செடியும் குச்சியும் இரண்டு மூன்று இடங்களில் பிணைக்கப்பட்டிருக்கும். டாலியாவின் தண்டு குழல்போல் உட்புழை உடையது. அக்டோபரோ மைசூருவில் நல்ல மழை பெய்யும் மாதம். அடுக்கடுக்கான இதழ்களுக்கிடையே நீர் தங்கினால் பூவின் எடை கூடித் தண்டு மடிந்துவிடும். மாதக்கணக்கில் வளர்த்த செடியை ஓர் இரவு மழையிலிருந்து காப்பது அந்தச் சிறு கட்டே. கவனிக்காமல் விட்டால், செடியின் உயிரை வாங்குவதும் அதே கட்டுதான்.

எல்லாச் செடிகளுக்கும் கட்டு வேண்டியதில்லை. பாகல், புடல், சுரை, பட்டாணி போன்றவை தமக்கு வேண்டிய பிடிமானத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. அவற்றில் தோன்றும் இழை போன்ற உறுப்பைப் பற்றுக்கம்பி என்பர். பற்றுக்கம்பியின் நுனி கொழுகொம்பைத் தொட்டதும் வளைந்து அதைச் சுற்றிக்கொள்கிறது. பின்னர் அதன் இடைப்பகுதி சுருள்வில்லைப்போலத் திருகிக்கொள்கிறது. காற்று வீசும்போது அச்சுருள் நீண்டும் சுருங்கியும் கொடுப்பதால் கொடி அறுபடுவதில்லை. சார்லஸ் டார்வின் 1865ஆம் ஆண்டில் ஏறுகொடிகளைப் பற்றி வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இவ்வுறுப்பின் செயலை விரிவாக ஆராய்ந்தார். பிடியும் வேண்டும், அப்பிடியில் நெகிழ்ச்சியும் வேண்டும் என்பதை இயற்கை அமைத்திருக்கும் முறை இது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். முல்லை கொடியாதலால் தேரைப் பற்றிப் படர்ந்திருக்கும். அவ்வள்ளல் தக்காளிச் செடிக்குத் தேர் கொடுத்திருந்தால், அது தேரின் அருகிலேயே தரையில் சாய்ந்து கிடந்திருக்கும்! (தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிகப் பிற்காலத்தில் இங்கு வந்த பயிர் என்பது வேறு செய்தி.) தக்காளிக்குப் பற்றுக்கம்பியும் இல்லை, சுற்றி ஏறும் தண்டும் இல்லை. காய்கள் பருக்கப் பருக்கத் தண்டு வளைந்து மண்ணைத் தொடும். மண்ணில் பட்ட காய் அழுகும். இத்தகைய செடிகளுக்கு மனிதன்தான் பற்றுக்கம்பி செய்து தரவேண்டும்.

அதை நெடுங்காலமாகச் செய்து வருபவர்கள் வெற்றிலை பயிரிடுவோர். புவிசார் குறியீடு பெற்ற மைசூரு வெற்றிலை, நகரின் பழைய அக்ரகாரம், வித்யாரண்யபுரம் ஆகிய பகுதிகளை ஒட்டிய தோட்டங்களில் விளைந்து பெயர் பெற்றது. வெற்றிலைத் தோட்டத்தைத் தமிழர் 'கொடிக்கால்' என்பர். அகத்தி முதலிய மரங்களை முன்னதாக வளர்த்து, அவற்றின்மேல் கொடியை ஏற்றுவது வழக்கம். வெற்றிலைக் கொடியின் கணுக்களில் தோன்றும் வேர்கள் மரத்தைப் பற்றக்கூடியவை. ஆயினும் இளங்கொடி உதவியின்றி நேராக ஏறுவதில்லை. எனவே 15 முதல் 20 நாள்களுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளியில், வாழைநாரால் கொடியைத் தளரக் கட்டுவர். வாழைநார் மழையிலும் வெயிலிலும் நைந்து ஒருநாள் தானே அற்று விழும். அதற்குள் கணுவேர்கள் மரத்தை நன்கு பிடித்திருக்கும். கட்டை அவிழ்க்க எவரும் வரவேண்டியதில்லை. அற்றுப்போவது வாழைநாரின் குறையன்று. அதன் சிறப்பே அதுதான்.

வீட்டுத் தோட்டங்களிலும் மாடித் தோட்டங்களிலும் இன்று வாழைநாரின் இடத்திற்கு உறைக்கம்பி வந்துள்ளது. உள்ளே வளையக்கூடிய மெல்லிய உலோகக் கம்பி. அதன்மேல் ரப்பரோ, நுரைபோன்ற மென்மையான பிளாஸ்டிக்கோ போர்த்தப்பட்டிருக்கும். கட்டட வேலைக்குப் பயன்படும் கட்டுக்கம்பியால் கட்டினால் அது தண்டை அறுத்துவிடும். உறைக்கம்பியோ பருமனாக இருப்பதால் அழுத்தம் ஒரே கோட்டில் விழாமல் பரவுகிறது. முடிச்சு தேவையில்லை, ஒரு திருகில் கட்டலாம், ஒரு திருகில் அவிழ்க்கலாம். செடியின் காலம் முடிந்தபின் எடுத்துவைத்து அடுத்த பருவத்திற்கும் பயன்படுத்தலாம். இத்தனை நன்மைகளுக்கும் ஈடாக அது ஒன்றைக் கேட்கிறது. அது மக்குவதில்லை, தானாக அற்று விழுவதும் இல்லை. ஆகவே கட்டியவரே மீண்டும் வந்து பார்க்கவேண்டும்.

ஏன் பார்க்கவேண்டும் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். இளந்தக்காளித் தண்டு ஒன்றின் விட்டம் 7 மி.மீ. எனக் கொள்வோம், பென்சில் பருமன். அதன் சுற்றளவு ஏறத்தாழ 22 மி.மீ. அதைச் சுற்றி 30 மி.மீ. வளையம் இட்டால் தாராளமாகவே தோன்றும். ஆனால் தண்டின் விட்டம் ஒன்பதரை மி.மீ. ஆனதும் அவ்வளையம் முற்றும் நிறைந்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத இரண்டரை மி.மீ. வளர்ச்சி, தளர்ந்த கட்டை இறுகிய கட்டாக மாற்றிவிடுகிறது. விட்டம் 14 மி.மீ. ஆகும்போது தேவைப்படும் வளையமோ 44 மி.மீ.

இறுகிய கட்டினால் விளையும் கேடு உடனே வெளிப்படாது. வேரிலிருந்து நீரை மேலேற்றும் சைலம் தண்டின் உட்புறத்திலும், இலைகள் ஆக்கிய உணவைக் கீழே கொண்டுசெல்லும் புளோயம் பட்டையை ஒட்டி வெளிப்புறத்திலும் அமைந்திருப்பதே பெரும்பாலான மரஞ்செடிகளின் இயல்பு. கட்டு இறுகும்போது முதலில் நசுங்குவது புளோயம். கீழிறங்கும் உணவு கட்டின்மேல் தேங்குவதால் அங்கே தண்டு வீங்கும். இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிகி, 17ஆம் நூற்றாண்டிலேயே மரப்பட்டையை வளையமாக நீக்கி, வெட்டின் மேல்விளிம்பு வீங்குவதைக் கண்டு குறித்தார். சைலம் வழியாக நீர் தொடர்ந்து ஏறுவதால் இலைகள் சில காலம் பசுமையாகவே இருக்கும். தோட்டக்காரருக்கு ஐயம் எழாது. உணவின்றி வேர் நலிந்து, இலை வாடத் தொடங்கும்போது அவர் மேலும் நீர் ஊற்றுவார். பிழை மண்ணில் இல்லை. இலைமறைவில் கிடக்கும் கம்பியில் இருக்கிறது.

கட்டும் முறை எளியது. நாற்றை நடும்போதே குச்சியையும் ஊன்றிவிடவேண்டும். பின்னர் ஊன்றினால் வேர் அறுபடும். உறைக்கம்பியை முதலில் குச்சியைச் சுற்றி இறுக்கமாக வளைத்து, இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் செலுத்தி, தண்டைச் சுற்றித் தளர்வாகக் கொண்டுவந்து, மீண்டும் குச்சியின் பக்கமே திருகவேண்டும். மேலிருந்து பார்த்தால் 8 என்னும் எண்ணின் வடிவம் தெரியும். நடுவிலுள்ள குறுக்கு, தண்டு குச்சியில் உராயாமல் தடுக்கும். வளையத்திற்குள் சுண்டுவிரல் நுழையவேண்டும். இலைக்காம்பு தண்டுடன் சேரும் இடத்திற்குச் சற்றுக் கீழே கட்டினால் வளையம் பிடித்து நிற்கும். கம்பியின் வெட்டுமுனைகளைச் செடிக்கு வெளிப்புறமாக மடித்துவிடுவது நல்லது. பின்னர், கொடிக்கால்காரர் செல்லும் அதே இடைவெளியில், 15 நாள்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வளையத்தையும் விரலிட்டுப் பார்த்துத் தளர்த்தவேண்டும். மலிவான உறை வெயிலில் வெடித்துக் கம்பி வெளியே தெரிந்தால், அத்துண்டை நீக்கிவிடவேண்டும்.

தளர்வாகக் கட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் தாமஸ் ஆண்ட்ரு நைட், 1803ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் இளம் ஆப்பிள் மரங்களைக்கொண்டு இதனைக் காட்டினார். சிலவற்றின் அடிமரத்தை அசையாதபடி கட்டினார். சிலவற்றைக் காற்றில் ஆடவிட்டார். ஆடிய மரங்களின் அடிமரமே மிகுதியாகப் பருத்தது. ஒரு மரத்தை வடக்கு தெற்காக மட்டும் அசையவிட்டார். அதன் அடிமரம் வட்டமாகப் பருக்கவில்லை. வடக்கு தெற்கு விட்டத்திற்கும் கிழக்கு மேற்கு விட்டத்திற்கும் உள்ள விகிதம் 13க்கு 11 என ஆயிற்று. அசைவே தண்டுக்கு உடற்பயிற்சி எனலாம்.

சாலையோரத்தில் நடும் மரக்கன்றுகளுக்கு இது பெரிதும் பொருந்தும். அவற்றுக்கு மெல்லிய உறைக்கம்பி ஏற்றதன்று. பழைய சைக்கிள் டியூபின் அகன்ற பட்டையோ துணிப்பட்டையோ போதும். உச்சிவரை இறுக்காமல் தாழ்வாக ஒரே இடத்தில் கட்டி, வேர் ஊன்றியபின் குச்சியையும் கட்டையும் அகற்றிவிடவேண்டும்.

பயிற்சி

1. வாழைநார் அற்று விழுவது வெற்றிலைக் கொடிக்கு ஏன் தீங்காவதில்லை?
2. இறுகிய கட்டினால் நலியும் செடியின் இலைகள் சில காலம் பசுமையாக இருப்பது எதனால்?
3. 40 மி.மீ. வளையம், தண்டின் விட்டம் எவ்வளவு ஆகும்போது இறுகும்? கணக்கிட்டு எழுதுக.
4. இலக்கணக் குறிப்பு எழுதுக: ஏறுகொடி, இளங்கொடி.
5. 'கட்டு' என்னும் சொல்லைப் பெயராகவும் வினையாகவும் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
6. செயல்பாடு: பள்ளித் தோட்டத்தில் கட்டப்பட்ட செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நூலால் அதன் தண்டின் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்க. 15 நாள்களுக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் அளந்து, கட்டைத் தளர்த்தவேண்டுமா எனக் காரணத்துடன் எழுதுக.